வெயில் காணாத எலும்புகள்

முதல் உலகப் போர் ஓய்ந்து 1919 ஆம் ஆண்டு பிறந்தபோது, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மருத்துவர்கள் ஒரு விந்தையான நோயைக் காணத் தொடங்கினர். நோயாளிகளுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களே மிகுதி. இடுப்பிலும் முதுகிலும் தொடைகளிலும் ஓயாத வலி. நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டும்; மாடிப்படி ஏறுவதென்றால் மலையேறுவது போல. நடந்தாலோ வாத்தின் நடைபோல் உடல் இருபுறமும் சாய்ந்தாடும். விலா எலும்பை விரலால் சற்றே அழுத்தினாலும் துடித்துப் போவார்கள். ஆனால் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வெளியே பார்த்தறியத்தக்க அடையாளம் எதுவுமே இல்லை. இத்தகைய நோயை வாதம் என்று சொல்லித் தைலம் கொடுத்தனுப்புவது எளிது. மனத்தளர்ச்சி என்று தள்ளிவிடுவது அதைவிட எளிது. உண்மையில் அப்பெண்களின் எலும்புகளில் சுண்ணாம்புச் சத்துப் படிவது குன்றி, அவை இளகிக் கொண்டிருந்தன.

ஆஸ்டியோமலேஷியா என்பது இந்நோயின் மருத்துவப் பெயர். எலும்பிளக்கம் என்று நாம் சொல்லலாம். பஞ்சத்தோடு வந்தமையால் வியன்னா மருத்துவர்கள் இதனைப் 'பசி எலும்பிளக்கம்' என்றே அழைத்தனர். இதே குறை வளரும் பருவத்தில் வந்தால் அதன் பெயர் ரிக்கெட்ஸ். குழந்தையின் கால்கள் வில்லாக வளையும், மணிக்கட்டு புடைக்கும், மார்புக்கூடு முன்தள்ளும், தலை பெருத்துக் காணும். இரண்டிற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. வைட்டமின் டி என்று இன்று நாம் அழைக்கும் உயிர்ச்சத்து உடலில் இல்லாமற் போனால், உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்பைக் குடல் போதிய அளவு ஏற்றுக்கொள்வதில்லை. சுவரெழுப்பச் செங்கல் இருந்தும் காரை இல்லாத நிலைதான். இந்தச் சத்தினைச் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டவுடன் நம் தோலே உண்டாக்கிக் கொள்ளும். உணவில் இது இயற்கையாக மிகுதியும் அமைந்த பொருள்கள் கொழுப்புள்ள மீன், மீன் ஈரல் எண்ணெய் எனச் சிலவே.

ரிக்கெட்ஸ் என்னும் சொல்லின் பிறப்புச் சொல்லாராய்ச்சியாளர்க்கே இன்னும் புதிர். இலண்டன் நகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்த ஜான் கிராண்ட் என்பார், இப்பெயர் 1634 ஆம் ஆண்டில்தான் முதன்முதல் பட்டியலில் ஏறியது என்றும், அவ்வாண்டில் 14 பேர் இதனால் இறந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது என்றும் 1662 இல் எழுதினார். பாமர மக்கள் வழங்கிய இச்சொல்லைப் புலவர்கள் அப்படியே ஏற்கவில்லை. முதுகெலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இதனை இணைத்து, 'ராக்கிட்டிஸ்' என்று புத்தாடை உடுத்தினர். தெருவில் பிறந்த சொல்லுக்குக் குலமுறை கிளத்தும் வழக்கம் எல்லா மொழியிலும் உண்டு போலும்! டேனியல் விஸ்லர் 1645 இல் லெய்டன் பல்கலைக் கழகத்தில் இந்நோய் பற்றி ஆய்வேடு அளித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் பிரான்சிஸ் கிளிசன் இலத்தீனில் விரிவான நூல் இயற்றினார். நோயைக் கண்டு விவரித்ததில் கிளிசன் வல்லவர், மருந்தில் அல்லர். வளைந்த உடலை நிமிர்த்தக் குழந்தைகளை வாரினால் கட்டித் தொங்கவிடும் முறையை அவர் கூறியிருக்கிறார்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் ஆலைகள் பெருகின. நிலக்கரிப் புகை வானை மூடிற்று. ஒடுங்கிய சந்துகளில் உயர்ந்த வீடுகள் நெருங்கி நின்றன. நோயும் உடன் பெருகிற்று. வளைந்த காலோடு வாழ்ந்துவிடலாம். ஆனால் சிறுமியாக இருந்தபோது இடுப்பெலும்பு கோணியவள் தாயாகும்போது என்ன ஆவாள்? குழந்தை வெளிவரும் வழியே அடைபட்டிருக்கும். கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று மருத்துவமனையில் இத்தகைய தாய்மார் பலர் மாண்டனர். அங்கே மர்டாக் காமரன் என்ற மருத்துவர் 1888 இல் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்துத் தாயையும் பிழைக்க வைத்தது மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது. அந்தத் தாய் ரிக்கெட்ஸினால் வளர்ச்சி குன்றியவர் என்பதை நாம் மறக்கலாகாது.

இத்தனைக்கும் விடை ஏற்கெனவே பலர் வாயில் இருந்தது. போலந்து நாட்டு அறிஞர் ஸ்னியாடெட்ஸ்கி, நகரக் குழந்தைகளை வருத்தும் இந்நோய் நாட்டுப்புறக் குழந்தைகளை அவ்வளவாக அண்டாததைக் கண்டு, வெயிலே மருந்து என்று 1822 இல் எழுதினார். ஜப்பானில் நீகாதா என்னும் ஊரில் மருத்துவ ஊழியம் செய்து இங்கிலாந்து திரும்பிய தியோபால்டு பாம், அங்கே காணாத இந்நோயைத் தம் நாட்டில் எங்கும் கண்டு திகைத்தார். பல நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். ஏழ்மையும் அழுக்கும் எங்குமுண்டு. வெயில் இல்லாத இடத்திலேதான் ரிக்கெட்ஸ் உண்டு என்று 1890 இல் முடிவு கூறினார். அவர் சொல்லைக் கேட்பாரில்லை.

மீன் எண்ணெயின் கதையும் இதுவே. வடகடல் ஓரத்து மீனவர் காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை நெடுங்காலமாக மருந்தாகக் குடித்து வந்தனர். மீனை முதுகில் சுமந்து நிற்கும் மனிதன் படம் போட்ட புட்டியை நம் நாட்டில் அறியாத வீடு இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய நினைவும் பலருக்கு இருக்கும். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற மருத்துவர் துரூசோ, எலும்பிளக்கத்திற்கும் ரிக்கெட்ஸிற்கும் இவ்வெண்ணெயையும் வெயிலையும் பரிந்துரைத்தார். எனினும் கற்றோர் பலர் இதனைக் கிழவிகளின் கைம்மருந்து என்றே கருதினர். நோய் என்பது உடலுக்குள் ஏதோ ஒன்று புகுவதால் வருவது, கிருமியோ நஞ்சோ இருக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. ஏதோ ஒன்று இல்லாமையால் நோய் வரும் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் நுழையவில்லை.

அந்த எண்ணம் நுழைவதற்கு மலாயாவும் ஒரு வாயிலாக இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. இவ்வேறுபாட்டைக் குறித்து பிராடன் என்னும் மருத்துவர் 1907 இல் நூல் எழுதினார். பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் ஜெலுபு வட்டாரத்துச் சாலைத் தொழிலாளரிடையே இருவகை அரிசியையும் கொடுத்துச் சோதித்து உண்மையை நிறுவினர். நம் பாட்டன்மார் சோற்றுப் பானை, அவர்கள் அறியாமலே, உலக மருத்துவத்திற்கு ஒரு பாடம் சொல்லிற்று.

நிற்க. ரிக்கெட்ஸைப் பற்றி 1919 இல் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர். கிளாஸ்கோ கட்சியினர், அடைபட்ட வாழ்வும் காற்றோட்டமின்மையுமே காரணம் என்றனர். அவர்களுள் ஒருவரான பின்ட்லே 1908 இல் நாய்க்குட்டிகளை அடைத்து வைத்துச் சோதனை நடத்தியவர். இலண்டனில் எட்வர்டு மெல்லன்பி வேறு நாய்க்குட்டிகளை வளர்த்தார். ஓட்ஸ் முதலிய தானிய உணவு கொடுத்தால் அவற்றிற்கு நோய் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்தால் தீர்ந்தது. ஆகவே உணவே காரணம் என்றார். தம் நாய்களை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்ததும் அந்நோய்க்கு ஒரு காரணம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டில் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் முற்றிய நான்கு குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டினார். எலும்பில் சுண்ணாம்பு படிவதை எக்ஸ்ரே படம் காட்டிற்று. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இரு கை எலும்பும் குணமடைவதைப் பின்னர் அவர் கண்டார். ஒளி தோலில் எதையோ உண்டாக்க, அது குருதி வழியே உடலெங்கும் செல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவர் யூதர், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு எகிப்து சென்றார்.

ஒரு கட்சி மீன் என்றது. மறு கட்சி வெயில் என்றது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? இந்த வழக்கைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஹாரியட் சிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இலண்டன் லிஸ்டர் ஆய்வுக் கழகத்தில் 1905 இல் அவர் இடம் கேட்டபோது, பெண்ணைச் சேர்க்கலாகாது என்று சிலர் எதிர்த்தனர். கழகம் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக் கொண்டது. போர்க்காலத்தில் படைவீரர்க்குச் சொறிகரப்பானும் பெரிபெரியும் வராதிருக்க எவ்வுணவு உதவும் என்று ஆராய்ந்தவர் அவர். 1919 இல் தம் நாற்பத்து நான்காம் வயதில், ஆஸ்திரேலிய மருத்துவரான எல்சி டாலியல் என்பாருடன் அவர் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டார். மார்கரெட் ஹியூம், ஹெலன் மெக்கே முதலிய பெண்களும் உடன் சேர்ந்தனர். தோற்ற நாட்டிற்கு வென்ற நாட்டிலிருந்து சென்ற இக்குழுவின் கையில் இருந்தது மீன் எண்ணெய்ப் புட்டி. ஹங்கேரியின் தானியமும் பொஹீமியாவின் நிலக்கரியும் நின்றுபோய், பாலும் வெண்ணெயும் கண்ணிற் காணாத நகரம் அவர்களை எதிர்கொண்டது.

முதலில் பெரியவர்களின் எலும்பிளக்கம். டாலியலும் சிக்கும் மருத்துவமனையில் தங்கியிருந்தோரைக் கவனித்தனர். ஹியூமும் எடித் நிரன்ஸ்டைன் என்பாரும் வீட்டிலிருந்து வந்து செல்லும் நோயாளிகளுக்கு வெவ்வேறு கொழுப்புகளைக் கூடுதலாக அளித்து ஒப்பிட்டனர். சிறந்த பலனைத் தந்தது மீன் எண்ணெயே. இந்நோயிலிருந்து மீள்வது எவ்வாறு என்பதை அறிந்தால்தான் அப்பெண்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பது விளங்கும். ஒரே நாளில் எழுந்து நடப்பதில்லை. வலி முதலில் குறையும். தொடைத் தசைகளின் வலுவின்மை நீங்க மேலும் காலமாகும். கையூன்றாமல் எழுவதும், கைப்பிடியைப் பற்றாமல் படியேறுவதும் அப்போதுதான் கைகூடும். உள்ளே எலும்பு கெட்டிப்படுவதற்கு மாதக்கணக்காகும். சுண்ணாம்பும் உணவும் போதிய அளவு கிடைத்தாலன்றி அதுவும் முற்றுப்பெறாது. கோணிப்போன இடுப்பெலும்பு கோணியது கோணியதுதான். குழந்தைகள் இதில் பாக்கியசாலிகள். சிறு வயதில் மருந்து கிடைத்தால் வளைந்த கால்களும் வளரவளரப் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

பிறகு குழந்தைகள். வியன்னாப் பல்கலைக் கழகக் குழந்தை மருத்துவமனையின் தலைவர் கிளெமென்ஸ் பான் பிர்க்கே. 'அலர்ஜி' என்று இன்று உலகமே வழங்கும் சொல்லை 1906 இல் படைத்தவர் அவரே. ரிக்கெட்ஸ் ஒரு தொற்றுநோய் என்பது அவர் எண்ணம். சிக் அம்மையாரின் கொள்கையில் அவருக்கு நம்பிக்கையில்லை. இருந்தும் தம் மருத்துவமனையின் கூடங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டார். தம் கருத்தைப் பொய்யாக்க வந்தவர்க்கு இடங்கொடுத்த அப்பெருந்தன்மையை, நான் இவ்வரலாற்றில் எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறைவாக மதிக்கவில்லை.

ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருத்துவமனையின் வழக்கமான பாலுணவு. மற்றொரு பகுதிக்கு மீன் எண்ணெய் சேர்ந்த உணவு. இருசாராருக்கும் ஒரே வகையான பராமரிப்பு, ஒரே தூய்மை. குறித்த காலந்தோறும் எக்ஸ்ரே படம் எடுத்து விம்பெர்கர் என்னும் மருத்துவர் எலும்பைப் பார்த்து வந்தார். குளிர்காலம் வந்தது. வழக்கமான உணவு உண்டவர்களில் பலருக்கு ரிக்கெட்ஸ் தோன்றிற்று; மீன் எண்ணெய் பெற்ற குழந்தைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடை வந்தது. அதே வழக்கமான உணவை உண்டபோதிலும் எவருக்கும் நோய் புதிதாக வரவில்லை! நோயுற்ற குழந்தைகளுள் சிலருக்கு எண்ணெயும், சிலருக்கு விளக்கொளியும், சிலருக்குத் திறந்தவெளியில் வெயிலும் தரப்பட்டன. மூன்றினாலும் எலும்பு குணமடைந்தது. அக்குணம் சில வாரங்களிலேயே படத்தில் தெரிந்தது. தொற்றுநோயாயின் ஒரே கூடத்தில் இருந்தவர் அனைவரையும் அன்றோ பற்றியிருக்க வேண்டும்?

எண்ணெய் தராமல் சில குழந்தைகளை நோயுற விட்டது முறையா என்ற கேள்வி இங்கே எழும், எழ வேண்டும். அக்குழந்தைகளுக்கு வழக்கமான உணவில் எதுவும் குறைக்கப்படவில்லை. நோயின் முதற்குறி படத்தில் தெரிந்ததும் சிகிச்சை தொடங்கியது. எது உண்மை என்பதை அன்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாதிருந்தது. இன்று அதே சோதனையைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஏனெனில் இன்று நாம் அறிவோம். அன்று அவ்வாறு செய்திராவிடில், ஸ்னியாடெட்ஸ்கியும் பாமும் சொன்னது போல இதுவும் ஒருவர் அபிப்பிராயமாகவே நின்றிருக்கும்.

அதன்பின் வேதியியலார் முறை. மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அதிலிருந்த ஏ உயிர்ச்சத்தை அழித்த பின்னும் அது ரிக்கெட்ஸைத் தீர்த்தது என்று அமெரிக்காவில் மெக்காலமும் அவர் குழுவினரும் 1922 இல் காட்டினர். ஏ, பி, சி ஏற்கெனவே வழங்கியமையால் புதியது டி ஆயிற்று. 1924 இல் நியூயார்க்கில் ஹெஸ்ஸும், விஸ்கான்சினில் ஸ்டீன்பாக்கும் தனித்தனியே ஒன்று கண்டனர்: உணவுப் பொருளின் மீதே புற ஊதா ஒளியைச் செலுத்தினால் அதுவும் மருந்தாகிறது. மீனும் வெயிலும் ஒன்றே என்பது அத்தோடு வெளிச்சமாயிற்று. ஸ்டீன்பாக் தம் முறைக்குக் காப்புரிமை பெற்று, வருவாயைப் பல்கலைக் கழக ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். ஜெர்மானியர் விண்டவுஸ் 1928 இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்து மலிந்தபோது மிகையும் வந்தது. பிரிட்டனில் 1942 முதல் குழந்தைகளுக்கு அரசாங்கமே மீன் எண்ணெய் வழங்கிற்று. பால்மாவிலும் குழந்தை உணவிலும் இச்சத்தைச் சேர்த்தனர். இவை எல்லாம் ஒன்றுகூடி, 1950களில் சில குழந்தைகளின் குருதியில் சுண்ணாம்பு அளவு மீறியது. 1957 இல் அளவைக் குறைத்தார்கள். உடலில் தங்கிச் சேரும் சத்தாதலின், இதனைக் குருதிச் சோதனையும் மருத்துவர் சொல்லும் இன்றித் தாமே மிகுதியாக உட்கொள்வது இன்றும் ஆபத்தே.

வெயில் மிகுந்த நாட்டார்க்கு இது அயலார் கதை என்று தோன்றலாம். காஷ்மீரில் பணியாற்றிய டாக்டர் காதலீன் வான் 1928 இல் எழுதிய நூல் அவ்வெண்ணத்தை மாற்றும். ஏரியில் படகோட்டிப் பிழைத்த ஏழைப் பெண்கள் எளிதாகப் பிள்ளை பெற்றனர். உயர்ந்த வீடுகளில் திரைக்குப் பின்னே வாழ்ந்த பெண்களோ எலும்பிளகி, பிரசவத்தில் உயிருக்குப் போராடினர். வானத்தில் கதிரவன் இருந்து என்ன பயன்? 1962 இல் கிளாஸ்கோவில் டன்னிகன் முதலிய மருத்துவர்கள், பாக்கிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களில் ரிக்கெட்ஸையும் எலும்பிளக்கத்தையும் கண்டு எழுதினர். கருநிறத் தோல் கடுவெயிலைத் தாங்க வல்லது. ஆனால் மங்கிய வடநாட்டு ஒளியில் இச்சத்தை ஆக்க அதற்கு நெடுநேரம் பிடிக்கும். உமி நீக்காத கோதுமைச் சப்பாத்தி சுண்ணாம்பு குடலில் சேர்வதையும் தடுத்தது. அந்நகரில் 1979 முதல் அக்குழந்தைகளுக்கு இச்சத்து இலவசமாக வழங்கப்பட்டது. ரிக்கெட்ஸோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் தொகை குறைந்தது.

நம்மைச் சுற்றியும் பார்க்கலாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகள், நிலநடுக்கோட்டின் அருகிலும் பெண்களிடையே இச்சத்துக் குறைவு சாதாரணமாக இருப்பதைக் காட்டியுள்ளன. சிங்கப்பூரில் சீனரைவிட மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் அது மிகுதி. விடியுமுன் வண்டியேறி, விளக்கொளியில் வேலை செய்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புகிறவர்க்கு வெயில் எங்கே? ஓயாத உடல்வலி என்று ஒரு பெண் சொல்லும்போது, வயதாகிவிட்டது என்று வீட்டார் விடை சொல்லிவிடுகிறார்கள். மற்ற எல்லாச் சோதனையும் செய்த பின்னும் இந்த ஒரு குருதிச் சோதனை விட்டுப்போவதுண்டு. குறை கடுமையாயின், மருத்துவர்கள் சில வாரங்களுக்கு வாரந்தோறும் பெரிய அளவிலும், பின்னர் நாள்தோறும் சிறிய அளவிலும் இச்சத்தைத் தருவது வழக்கம். தேறும் வரிசையோ வியன்னாவில் கண்டதுதான்: முதலில் வலி, பின் தசை, கடைசியில் எலும்பு.

ஹாரியட் சிக் 1922 இல் வியன்னாவிலிருந்து திரும்பினார். 1949 இல் 'டேம்' பட்டம் பெற்றார். 102 ஆண்டுகள் வாழ்ந்து 1977 இல் மறைந்தார். அவர் மறைந்து ஏறக்குறைய நாற்பதாண்டுகள் கழித்து, 2016 இல், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வது பற்றி எண்ண வேண்டும் என்று இங்கிலாந்தின் பொதுநலத் துறை அறிவித்தது. கருநிறத் தோலுடையோர் ஆண்டு முழுவதும் அதனைக் கருதவேண்டும் என்றும் கூறியது. மீன் எண்ணெயில் அளந்தால் அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.